ஒரு பக்கக் கன்னத்துப் பரு

கல்யாணம் நெருங்க நெருங்க, தையற்காரிக்கு இடது கன்னத்தில் மட்டும் பரு கிளம்பியது. பூசாத களிம்பு இல்லை. கல்யாணப் படத்தில் இந்த மூஞ்சியா என்று நொந்துபோனாள்.

தையற்கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்காதான் கண்டுபிடித்தாள். “மிஷின் எண்ணெய்க் கையால போனைத் தொட்டு, நாளெல்லாம் அதையே கன்னத்துல இடுக்கிக்கிட்டு மாப்பிள்ளையோட கொஞ்சினா, பரு வராம என்னடி செய்யும்?”

அன்றே போனைத் துடைத்து மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் பேசத் தொடங்கினாள்.

“சாப்பிட்டியா செல்லம்?” என்றார் மாப்பிள்ளை.

“சாப்பிட்டோம் மாப்ளே!” என்றது மொத்தக் கடையும்.

மறுமுனையில் போன் பட்டென்று கட்டானது. தையற்காரி சிரித்துச் சிரித்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறினாள்.

கல்யாணத்துக்குள் கன்னம் தெளிந்துவிட்டது. படத்தில் அவள் பளிச்சென்று நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளைதான் எதிரே நிற்கும் தையற்கடைக் கூட்டத்தைப் பார்த்து நெளிகிறார்.