பூட்டிய அறைக்கு வெளியே

என் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. அறுபதுகளின் கடைசி. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கண்ணில் காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. "தெரிஞ்சா மனசு கெட்டுப்போயிரும்" என்றார் மாமியார். ஏதோ அதுவரை என் மனசு நன்றாக இருந்ததுபோல!

ஓசூரில் வீட்டுக்கு வந்ததும் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாக வலித்தது. டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டு, கர்த்தருடைய சித்தம் என்றார். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "அடுத்தது பொறந்தா எல்லாம் சரியாயிரும்." அழுதால் அடக்கினார்கள். அழாவிட்டால் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டு வீடு தள்ளி ஒரு கன்னடக்காரப் பெண் இருந்தாள். புருஷன் பெங்களூர் பஸ் டிரைவர். ஒரு மத்தியானம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "மகு யார் மாதிரி இருந்துச்சு, தங்கச்சி?"

மகு என்றால் குழந்தை. அதுவரை ஒருத்தர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"மூக்கு எங்கம்மா மூக்கு" என்றேன். அப்புறம் அழுதேன். அவள் தடுக்கவில்லை. தான் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். தினமும் வந்தாள். மெல்ல மெல்ல நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், சாப்பிட்டேன், வாசலுக்கு வந்தேன்.

பிறகு இருவருமாக மூக்கண்டப்பள்ளியில், எங்களைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடியானவர் வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் போனோம். அவள் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். போதகரிடம் கேட்டுச் சர்ச்சின் பின்னறையில் புதன்கிழமை மத்தியானங்களில் கூடினோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், எது வருகிறதோ அதில் பேசினோம். பிரசங்கம் கிடையாது, புத்திமதி கிடையாது. ஜவளகிரியிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மா பஸ்ஸில் கூட்டி வருவாள். பிள்ளை போனதிலிருந்து வாய் திறக்காதவள், ஒருநாள் அதற்கு வைக்க நினைத்திருந்த பேரைச் சொன்னாள். அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் சர்ச் கமிட்டியில் இருந்தார். என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எஸ்.எஸ்.எல்.சி."

"மனசு சம்பந்தப்பட்டதெல்லாம் படிச்சவங்க பாக்கணும்மா. ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"படிச்சவங்க இந்த ஊர்ல யாரு இருக்காங்க டாக்டர்? சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"பெங்களூர்ல இருக்காங்க."

ஜவளகிரிக்காரி ஓசூருக்கு வருவதே பெரும் பாடு. பெங்களூர் மனநல ஆஸ்பத்திரிப் படி ஏறினாள் என்று தெரிந்தால், பைத்தியம் என்று சொல்லிப் புருஷன் வீட்டில் தள்ளியே வைத்துவிடுவார்கள். அது அவருக்குத் தெரியாதா? கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளையைக் கிணற்றில் போடச் சொல்லிக் காதில் குரல் கேட்கிறது என்றபோது, டிரைவர் பெண்டாட்டியும் நானும்தான் அவள் வீட்டாரோடு சண்டை போட்டு அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனோம். எங்களால் ஆகாதது எது என்று எங்களுக்குத் தெரியும். அதையும் கமிட்டியில் சொன்னேன். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அறையைப் பூட்டினார்கள். போதகர் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டார். எங்களுக்கு வந்த ஆத்திரத்தில் பூட்டை உடைத்திருப்போம். ஆனால் ஜவளகிரிப் பெண் விஷயம் தெரியாமல் வந்து வெயிலில் நின்றிருந்தாள். டிரைவர் பெண்டாட்டி அவள் கையைப் பிடித்து, "எங்க மனைக்கு வா" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டு முன்னறையில் கூடினோம். இடம் போதாமல் சமையல்கட்டு வரை உட்கார்ந்தோம். ஒருத்திகூட வராமல் நின்றுவிடவில்லை.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி ஆயா ஒரு பெண்ணைக் கூட்டி வந்தாள். வயிற்றில் பிள்ளை இறந்து, பிரசவமாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"டாக்டர்தான் அனுப்பினாரு. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு" என்றாள் ஆயா.

எங்கள் அறையைப் பூட்டவைத்த அதே டாக்டர்! சர்ச் அறை அப்போதும் பூட்டித்தான் கிடந்தது. அவரைக் கேட்கவேண்டிய கேள்விகள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் அந்தப் பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் விரித்து அவளை உட்காரவைத்தோம்.