சுவருக்கு அந்தப் பக்கம் போன குழாய்

காலை பதினொன்று பத்துக்குத் தரகர் சடையப்பனின் போன் வந்தது. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டீ கேன் உள்ளே வரும் நேரம். ஃபிட்டர் வரதன் கம்ப்ரசருக்கு அடியில் படுத்து பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். கிரீஸ் அப்பிய விரலாலேயே ஸ்பீக்கரைத் தட்டினார்.

"பார்ட்டி ஓகே சொல்ட்டாரு வரதா. வெள்ளிக்கெழம ரிஜிஸ்ட்ரேசன்."

"இந்த வெள்ளியா?"

"பின்ன? அடுத்த வெள்ளி ஆடி பூந்துடும். அப்பறம் ஆவணிலதான் பேச்சே. அதுக்குள்ள அவரு வேற ஊடு பாத்துக்கினு போயிடுவாரு. நீ குந்திக்கினு செவுத்தப் பாத்துக்கினு இரு."

சடையப்பன் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஐந்து மாதமாக வரதன் செய்துவந்தது அதுதான். மாசி மாதம் மனைவி செண்பகம் இறந்தபின், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். ஒரகடத்திலிருக்கும் மகன் லோகு தினமும் கூப்பிட்டான்: "இங்க வந்துடு நைனா." வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவது என்று ஆனி பிறந்ததும்தான் முடிவாயிற்று.

டீயைக் குடித்தார். பாதி டம்ளரில் போர்வெல் ஞாபகம் வந்தது.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில், வரதன் வீட்டிலும் பக்கத்து வீட்டு ரோசம்மாள் வீட்டிலும் கைப்பம்பு ஒரே வாரத்தில் வற்றிப்போயிற்று. செண்பகமும் ரோசம்மாளும் சேர்ந்து சீட்டுப் போட்டு, சீட்டை எடுத்து, நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு இரண்டு வீட்டையும் சுற்றினார். அது விருட்டென்று எழுந்து நின்ற இடம் வரதன் வீட்டுப் பின்புறம். போர் அங்கேயே இறங்கியது. சுவரில் துளை போட்டு, வால்வு வைத்து, ரோசம்மாள் வீட்டுக்குக் குழாய் இழுத்தது வரதன்தான். காலை ஆறு மணி செண்பகத்துக்கு, ஆறரை ரோசம்மாளுக்கு. கரண்டு பில் ஒரு தடவை இவர்கள், ஒரு தடவை அவர்கள். இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இரண்டு பெண்களும் கூசிப்போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் பத்திரம் எழுதுகிறவரின் அறைக்குப் போகும் வழியில், பைக்கை ஓட்டியபடியே சடையப்பன் பின்னால் திரும்பிச் சொன்னார்: "உள்ள போய் எதுனா வில்லங்கம் பேசினு இருக்காத. பார்ட்டி எகிறிடுவாரு."

எழுதுகிறவர் நான்கு எல்லைகளையும் வாசித்தார். வீடு, காலியிடம், ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மின் இணைப்பு உட்பட என்று வாசித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வழி, தண்ணி, இதுல வேற யாருக்காவது பாத்தியதை கீதா?" என்று கேட்டார்.

வாங்குகிற மணவாளன் எதிரே உட்கார்ந்திருந்தார். வரதனுக்கு, ஆவணி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அந்த வீட்டுச் சுவர் கண்முன் தெரிந்தது.

"இல்ல" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரோசம்மாள் தூக்கில் நெத்திலிக் குழம்போடு வந்தாள். பேக்கிங் கம்பெனி யூனிஃபார்ம் கோட்டைக்கூட அவிழ்க்கவில்லை. வரதன் சட்டென்று எழுந்து, கட்டிவைத்திருந்த மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இன்னாண்ணா, மூட்டைய மறைக்கற? நீ ஊட்ட வித்தது எஸ்டேட்டு நாய்க்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் நீ சொல்லல."

"சொல்லலாம்னுதான் ரோசா..."

"வுடு. நீயாவது சொல்றதாவது? அதெல்லாம் செண்பகம் டிபார்ட்மெண்டு." தூக்கை மேடைமேல் வைத்தாள். "புதுசா வர்றவங்ககிட்ட தண்ணி விசயம் பேசிட்டல்ல? எம் பொண்ணு வேற கொழந்தைய வெச்சிக்கினு வந்துகீறா. ஒரு நாளைக்கு எத்தினி துணி தெரியுமா?"

வரதன் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும்ணா. நீ எழுதாமயா வித்திருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். பசி இருந்தது. அதுதான் பின்னால் அவரை அதிகம் கூச வைத்தது.

ரோசம்மாளின் தண்ணீருக்காக ஞாயிறன்று மணவாளனைத் தேடிப் போனார். மணவாளன் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். "ரூம் கட்டி கம்பெனிக்கு வுடப்போறேன் சார். அறுபது பேரு தங்குவாங்க. எனக்கே லாரித் தண்ணி வாங்கணும்போல கீது. இதை நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற எடம் பாத்திருப்பேன். இப்ப சொல்றீங்களே?" புதன்கிழமை, ஆனி கடைசி நாள், சாவி வேண்டும் என்றார். அன்றைக்கே குழாயை அடைத்துவிடுவதாகவும் சொன்னார்.

திங்கள் காலை ரோசம்மாள் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வரதன் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"ரோசா, நான் எழுதல."

"இன்னா எழுதல?"

"பைப்பு விசயம். வேற யாருக்காவது பாத்தியதை கீதான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

அவள் கையிலிருந்த துணியை உதறி, கிளிப் போட்டாள்.

"எப்ப கேட்டாங்க?"

"வெள்ளிக்கெழம."

"சனிக்கெழம நான் கொழம்பு கொண்டாந்தனே."

"ம்."

"துன்னியா?"

"துன்னேன்."

இன்னொரு துணிக்கும் கிளிப் போட்டபிறகுதான் பேசினாள். "ரோசா, என்னால இங்க இருக்க முடியல, உன் தண்ணி போச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, ஒரு நாள் அழுதுட்டு மறுநாள் கொடத்தத் தூக்கிக்கினு போயிருப்பேன். நீ மண்டைய ஆட்டினியே." காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வரதன் லீவு சொன்னார். தெருவில் பஞ்சாயத்துக் குழாய் போகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நூலாகத்தான் தண்ணீர் வரும். ரோசம்மாள் வீட்டு இணைப்பு போர் வந்ததிலிருந்து மூடிக் கிடந்தது. அதைத் தோண்டித் திறந்து, வீட்டோரமாகக் குழாய் இழுத்து, பின்புறம் தரையில் ஒரு தொட்டி வைத்தால் குடிக்கவும் துவைக்கவும் ஒப்பேற்றலாம். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரோசம்மாளின் மகள் ஜெபா கேட்டைத் திறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை முழுக்கத் தோண்டினார். மண்வெட்டிக்குக் கருங்கல் ஜல்லியாக வந்தது.

புதன் காலை ஜெபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, நாஷ்டா துன்னியான்னு அம்மா கேக்கச் சொல்லிச்சு. அது உன்னாண்ட பேசாதாம். ஆனா கேக்கணுமாம்."

"இல்லன்னு சொல்லு."

நான்கு இட்லி வந்தது. "சட்னி கெடையாதாம்" என்றாள் ஜெபா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. வரதன் வெறும் இட்லியை நின்றபடியே விழுங்கினார்.

பத்தரைக்கு லோகு ‘சின்ன யானை’ லோடு வண்டியோடு வந்துவிட்டான். பத்தே முக்காலுக்கு மணவாளனின் ஆட்கள் போர்ப் பக்கம் ரம்பத்தோடு போனார்கள். குழாய் அறுபடும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் நின்ற வரதனுக்கு நன்றாகக் கேட்டது. ரோசம்மாள் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. யாரும் வந்து நிற்கவில்லை.

"நைனா, சாமானெல்லாம் ஏத்தியாச்சு. வண்டிக்காரன் கத்தறான், வா."

"அஞ்சு நிமிசம்டா."

"இத்தத்தான் அரை மணியா சொல்லிக்கினுகீற. பேஜாரு பண்ணாத நைனா, மேல ஏறி வா."

வரதன் பள்ளத்திலிருந்து ஏறி, முழங்கால் மண்ணைத் தட்டினார். பசை டப்பாவை மூடிச் சுவர்மேல் வைத்துவிட்டு வண்டிக்கு நடந்தார். தொட்டிக்குள் இறங்கும் கடைசி வளைவுக் குழாய் பசை போடாமல் வெறுமனே சொருகியபடி இருந்தது.