பெத்லகேம் சுவரும் அரிசி மூட்டைகளும்

மெல்லிய மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் பிளைவுட் அறைந்து கட்டும் சுவர்கள் எவ்வளவு தாங்கும் என்பதைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு முழுவதும் ஆராய்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு சிங்கப்பூரில் யாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. என் அலுவலகத்தில் கான்கிரீட்டைத் தவிர வேறு பேச்சில்லை. அம்மா மட்டும் ஒருமுறை, "மரத்துல சுவரா? கரையான் வந்தா என்ன பண்ணுவே?" என்றார். என் ஆய்வுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. நியாயமான விமர்சனமும்கூட.

அதனால், பிடோக்கிலிருந்து மாமா வந்து, "எனக்கு ஒரு சுவர் கட்டித் தரணும்மா" என்றபோது, அவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே காகிதமும் பென்சிலும் எடுத்துவிட்டேன்.

மாமா பேருந்து ஓட்டுநர். எங்கள் கோயிலின் தமிழ்க் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பல ஆண்டுகளாக அவர்தான் பெத்லகேம் சத்திரக்காரர். நிறைமாதக் கர்ப்பிணியோடு இடம் கேட்டு வரும் தம்பதியிடம் "இங்கே இடமில்லை" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்துவார். அந்த ஒரு வசனத்தை அவர் சொல்லும்போது எனக்கே உள்ளுக்குள் நடுங்கும். ஆனால் கதவு அறைபட்டதும் துணியாலும் குச்சிகளாலும் ஆன அந்தச் சத்திரம் முன்னும் பின்னும் ஆடும். சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

"வருஷா வருஷம் அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ண வெளிய தள்ளுறேன். ஜனங்க என்னடான்னா சிரிக்குதுங்க" என்றார் மாமா. "இந்த வருஷம் சம்பந்தி வீட்டுக்காரங்க முன் வரிசையில உக்காருவாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, யாரும் சிரிக்கக் கூடாது."

அவர் மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா எதற்கும் உரக்கச் சிரிப்பவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மரச்சட்டத்தை மட்டும் நிறுத்தினால், இருபுறமும் திறந்த அட்டைப்பெட்டியைப் போலப் பக்கவாட்டில் சரிந்துவிடும். அதன் மேல் பிளைவுட்டை வைத்து விளிம்போரம் நெருக்கமாக ஆணி அறைந்தால் சரியாது. அது எனக்கு எளிய வேலை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மாமா உள்ளே நின்று கதவை வெளிப்பக்கமாக அறைவதால், சுவர் முழுவதும் முன்வரிசையை நோக்கிக் கவிழப் பார்க்கும். தரையோடு பிணைத்துவிட்டால் கவலையில்லை. ஆனால் மண்டபத்துக்குப் புதுத் தரை போட்டிருந்ததால், ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார். எனவே சுவரின் பின்பக்கம் இரண்டு சாய்வு முட்டுகள் கொடுத்து, அவற்றின் அடிப்பலகைகள் மீது பாரம் ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

பாரம் மேடைக்குப் பின்னாலேயே இருந்தது. வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸுக்காகக் கொடுக்கவிருந்த அரிசி மூட்டைகளை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். ஏழைகளின் அரிசியை நாடகத்துக்குப் பயன்படுத்துவது முறையா என்று ஒரு வாரம் யோசித்தேன். அரிசி எங்கும் போகவில்லை, குறையவும் இல்லை, சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சமாதானமாகி, மூட்டைகளுக்கு அடியில் சுத்தமான பாய் விரித்தேன். ஒத்திகையில் மாமா கதவை அறைந்தார். சுவர் அசையவில்லை. அவர் இன்னொரு முறை அறைந்தார். பிறகு காரணமே இல்லாமல் மேலும் சில முறை அறைந்தார்.

நாடகத்தன்று சத்திரக் காட்சிக்குச் சற்று முன், உதவிக்குழு ஆன்ட்டி தள்ளுவண்டியோடு மேடைக்குப் பின்னால் வந்தார்.

"அரிசி எடுக்கணும்மா. ஆளுங்க வந்துட்டாங்க."

"ஆன்ட்டி, நாடகம் முடிஞ்ச பிறகுதானே குடுக்குறதா இருந்துச்சு?"

"மார்சிலிங்லேர்ந்து வந்திருக்காங்க. ஒருத்தி கைக்குழந்தையோட நிக்கிறா. திரும்ப அவ்ளோ தூரம் போகணும். காத்திருக்கச் சொல்லவா? நீயே வந்து சொல்லேன்."

நிறைமாதக் கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பும் காட்சி திரைக்கு அந்தப் பக்கம் தொடங்கவிருந்தது. அதையே திரைக்கு இந்தப் பக்கமும் நடத்த என் மனசாட்சி இடம் தரவில்லை. மூட்டைகளை நானே தூக்கி வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். கடைசி மூட்டை போனதும் சுவரை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். அது முன்வரிசையை நோக்கிப் பணிவாகத் தலை வணங்கியது.

சற்றுத் தள்ளி, குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவரும் மூன்று ராஜாக்கள், கிரீடங்களோடு கறிபஃப் தின்றுகொண்டிருந்தது கண்ணில் பட்டது.

"அங்கிள், கொஞ்சம் இந்தப் பலகை மேல வந்து உக்காருங்க."

"எதுக்கு?"

"அரிசி மூட்டைக்குப் பதிலா."

பருமனான ராஜா யோசித்தார். "அப்போ நான் ஒரு மூட்டையா?"

"நீங்க மூணு, அங்கிள்."

"கறிபஃப சேத்தா நாலு லா" என்றார் தாடி ராஜா. பருமனானவரை ஒரு பலகையிலும் மற்ற இருவரை இன்னொன்றிலும் உட்கார வைத்தேன்.

திரை விலகியது. மாமா தன் வசனத்தைச் சொன்னார். கதவு அறைபட்டது. ராஜாக்களின் கிரீடங்கள் குலுங்கின. சுவர் நின்றது.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. கதவுக்குப் பின்னால் மாமா கைப்பிடியை விடாமல் நின்றிருந்தார்.

"சிரிச்சாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்ல மாமா."

"சம்பந்தி?"

"சம்பந்தியும் சிரிக்கல."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் ராஜாக்களின் முறை வந்துவிட்டது. அவர்கள் எழுந்து பரிசுகளோடு மேடைக்குப் போனார்கள். அடுத்து வரவேண்டியவர்கள் தேவதூதர்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகள். சத்திரத்தின் சன்னல் விளிம்பைக் கண்டால் பிடித்துத் தொங்காமல் இருக்க மாட்டார்கள். ஒரு பலகையில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றைக் காட்டி மாமாவைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தார்.

தேவதூதர்களின் பாட்டு முடிந்தது. எல்லா நடிகர்களும் வரிசையாக நின்று வணங்கும் நேரம் வந்தது. மாமா ஆண்டு முழுவதும் காத்திருப்பது அதற்குத்தான். அவர் எழுந்தார். சன்னலில் இன்னும் இரண்டு தேவதூதர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் முனகியது. மாமா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

கைத்தட்டல் ஓய்ந்தபோது முன்வரிசையிலிருந்து சம்பந்தியின் குரல் கேட்டது.

"சத்திரக்காரர் எங்கய்யா? அவர வரச் சொல்லுங்க."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்கே இடமில்லை" என்ற அதே குரலில், சுவருக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னார்.

"இங்கதான் இருக்கேன் சம்பந்தி. நான் எழுந்தா பெத்லகேம் விழுந்துடும்."

மண்டபம் அதிர்ந்தது. சம்பந்தியின் சிரிப்பு எல்லாச் சிரிப்புக்கும் மேலே தனியாகக் கேட்டது. எனக்கு மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தபோது, அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அந்தச் சிரிப்பைக் கடைசிச் சத்தம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் குனிந்தார்.

"அந்த ஆன்ட்டிகிட்டச் சொல்லி வைம்மா. அடுத்த வருஷமும் அரிசிய இதே நேரத்துக்குக் குடுத்துடட்டும்."