மீட்டர் அக்கா சுற்றும் கரென்ட்

நிமிடத்துக்கு அறுபது சுற்று. குறைந்தால் போன் செத்துவிடும். கூடினால் கைப்பிடி கழன்று யார் மூக்கையாவது பதம் பார்க்கும். மீட்டர் அக்கா சுற்றிக்கொண்டே கால் பெருவிரலால் தான் உட்கார்ந்திருக்கும் வீட்டு மிதியடியை நேராக்குகிறார், கழுத்தை எக்கி அடுத்த வாசலில் எத்தனை பேர் என்று பார்க்கிறார்.

வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்ப்பது அவர் வேலை. புயலில் கம்பங்கள் சாய்ந்து ஆறு நாளாகிறது. வீட்டில் கிட என்றாள் தங்கை. "உக்காந்தா துரு பிடிச்சிருவேன்டி" என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தில் அவசரத்துக்குக் கொடுத்த கை ஜெனரேட்டரோடு அதே தெருக்களுக்குக் கிளம்பிவிட்டார். சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டி. முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும்.

"இதுக்கும் ரீடிங் எடுப்பியாக்கா?" என்றான் வரிசையில் நின்ற ஒரு பையன்.

"உன் வாய்க்குத்தான்டா மொதல்ல மீட்டர் வெக்கணும்."

முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் வரிசை நகராது. அதனால் அக்கா சுற்றும் வரைதான் போனுக்கு உயிர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசியாக வேண்டும். கேட்காதவர் போலவே இருப்பார். ஆனால் ஒரு கள்ளத்தனம் உண்டு. பேச்சு முற்றி, திரும்ப அள்ள முடியாத வார்த்தை வரப்போகிறது என்று பட்டால் கை நின்றுவிடும். "மரத்துப்போச்சுப்பா" என்று உதறிக் காட்டுவார். இப்படி நான்கு குடும்பங்களைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

இன்று காலை வெல்டர் வீடு. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியிடம், புயலுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார். சாப்பிட்டாயா என்று தொடங்கியது இரண்டே நிமிடத்தில் சூடேறியது.

"வரலன்னா விடு. இங்க எனக்கு ஒண்ணும்..."

அக்காவின் கை நின்றது. திரை கறுத்தது.

வெல்டர் கத்தவில்லை. படியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஒண்ணும் ஓடல, வந்துருன்னு சொல்ல வந்தேன்க்கா. பாதிப் பேச்சுல போனை வெக்கிறவன்னுதான் அவ எப்பவும் திட்டுவா. இப்பவும் நான்தான் வெச்சேன்னு நெனப்பா."

அக்கா கைப்பிடியை மறுபடி பிடித்தார். பிறகு சுற்றினார் பாருங்கள், அறுபதெல்லாம் காற்றில் பறந்தது. செத்த போன் கண் விழிக்கவே மூன்று நிமிடம். முதல் அழைப்பை அந்தப் பக்கம் எடுக்கவில்லை. இரண்டாவதையும் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுப்பா."

எடுத்தாள். பேசவில்லை. வெல்டர் "நான்..." என்று தொடங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா எட்டி, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். "உன் வீட்டுக்காரன் வெக்கலம்மா. நான்தான் சுத்துறத வேணும்னே நிறுத்துனேன்."

வெல்டர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாசலில் காத்திருந்தவர்களும் பார்த்தார்கள். அவர்களில், முந்தாநாள் பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்த ஒருத்தி தன் கையிலிருந்த போனையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஒரு சுற்றும் தவறாமல், கைப்பிடியை நிஜமாகவே மரத்துப்போன வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.