அத்தானின் லாஞ்சும் ஒரு பாதரசச் சொட்டும்

எழுபதுகளில் டீசல் கிடைக்காமல் தூத்துக்குடி லாஞ்சுக்காரர்கள், அதாவது மீன்பிடி விசைப்படகுக்காரர்கள், அல்லாடிய சமயம். நான் அங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சுத்தம் செய்த புன்னை எண்ணெயை டீசலில் கலந்து எஞ்சின் ஓட்டிவிடலாம் என்று எனக்கு ஒரே பைத்தியம். கெஞ்சிக் கூத்தாடி அக்காள் கணவரைச் சம்மதிக்க வைத்தேன். முதல் தடவை அவர் லாஞ்சு ஜோராக ஓடியது. மிச்ச எண்ணெய் அவர் வீட்டிலேயே இருந்தது. அடுத்த மாதம் அதை ஊற்றிக்கொண்டு போனவர் நடுக்கடலில் நின்றுவிட்டார். வேறொரு லாஞ்சு கட்டி இழுத்து வந்தது. ஃபில்டர் முழுக்கப் பிசின்!

"ஏளா, இனி உன் எண்ணெய் ஒரு சொட்டு என் லாஞ்சுல ஏறாது" என்று அத்தான் கரையிலேயே சொல்லிவிட்டார். அவரே மறுத்தால் வேறு யார் லாஞ்சு தருவார்கள்? என் ஆராய்ச்சி அவ்வளவுதான்!

விடுவேனா? டேங்கில் மிஞ்சியதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடினேன். எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, போலரோகிராஃப் கருவியில் வைத்தேன். மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாக விழும். அதன் வழியே மின்சாரம் பாயும். கரைசலில் உலோகம் துளியூண்டு இருந்தாலும் பேனா தாளில் அந்தந்த உலோகத்துக்குரிய இடத்தில் மேடு போட்டுக் காட்டிவிடும்; செம்புக்கு ஆரம்பத்திலேயே. கல்லூரியில் வைத்திருந்த அதே எண்ணெய்க்குப் பேனா சாதுவாக நேரே போனது. அத்தானின் எண்ணெய்க்கோ ஆரம்பத்திலேயே ஜிவ்வென்று ஏறியது. செம்பு! மாதாவே, நான் துள்ளிய துள்ளலில் ஸ்டூல் கவிழ்ந்தது. செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் பிசினாகிவிடும். தப்பு என் எண்ணெயில் இல்லை!

செம்பு எங்கிருந்து வந்தது? மூச்சிரைக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அடுக்களை மூலையில், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அவளுடைய கல்யாணச் செப்பு அண்டா. திறந்தால் உள்ளே என் எண்ணெய்.

"ஏளா, துருப்பிடிச்ச டிரம்முல போட்டுவைக்க மனசு வரல. நீ பாடுபட்டு உண்டாக்குனதாச்சே" என்றாள் அக்கா. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது.

"அப்போ அவுகளை நடுக்கடல்ல நிறுத்துனது நானா?" என்று ஓவென அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பின்னாலேயே வந்து நின்ற அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போதும், ரெண்டு பேரும் கண்ணைத் தொடைங்க. ஏளா, புது எண்ணெய் கொண்டா, இன்னொரு தடவை ஊத்திப் பாப்போம்."

ஊற்றினோம். லாஞ்சு போய், யாரும் கட்டி இழுக்காமல் மீனோடு தானாகவே திரும்பி வந்தது! கரையில் நானும் அக்காவும் போட்ட கூச்சலில் ஊரே வேடிக்கை பார்த்தது. அதன்பிறகு எந்த வேலை கெட்டுப்போனாலும், கெடுத்தது யார் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. இதன்மேல் இவ்வளவு பாசம் யாருக்கு என்றுதான் முதலில் தேடுகிறேன்.