கார் நிற்க எத்தனை அடி

நாற்காலிகள்

"பின் சீட்ட இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு" என்றார் பாய். சுண்ணாம்புப் பொடியால் தரையில் நான் போட்டிருந்த கட்டத்துக்குள் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. பின் நாற்காலிகளில் அவர் மனைவியும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் டிரைவர். நான் சுவர். அதாவது, சுவர் வரப்போகிற இடத்தில் கைகளை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் தொழிலில் வீட்டுக்கு எத்தனை படுக்கையறை என்பது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிவாகிவிடும். கார் ஷெட்டுக்கு எத்தனை அடி என்பதற்கு மூன்று மாதம்கூட ஆகும்.

பாய் கயத்தாறில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கார் ஆறடிதானே, எட்டடி அகலம் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். இல்லாத கதவை அவர் பிடித்து முழுதாகத் திறந்தார். கை என் வயிற்றில் வந்து இடித்தது. பின்னாலிருந்து அந்த அம்மாள் இறங்கப் பார்த்தார். எனக்கும் நாற்காலிக்கும் நடுவே வர முடியாமல், சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிட்டார். வீடு கட்டிப் பட்ட உங்களுக்கு இது தெரிந்திருக்கும். காரை அளந்தவர்கள் எல்லோரும் கார்க்கதவை அளந்திருக்க மாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு பிளான் போடுகிற நானே அளக்கவில்லை. கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் பத்தடிக்குப் போட்டேன். பாய் எழுந்து கைலியை இறுக்கிக்கொண்டு சொன்னார்:

"வண்டி நிக்கதுக்கா தம்பி எடம் கேட்டேன்? எறங்கி வீட்டுக்குள்ள போறதுக்குல்லா கேட்டேன்."

ஒன்பது

கடம்பூரில் போளிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு மனையில் சரியாக ஒன்பதடி கிடைத்தது. அவருடைய சின்னக் காருக்கு அது தாராளம். ஆனால் அறையின் உள்ளளவு எத்தனை அடி இருந்தால் என்ன பலன் என்று சொல்கிற மனையடிப் பட்டியல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. எட்டு நல்லது. பத்து நல்லது. ஒன்பதுக்கு ஆயுள் குறைவு என்று போட்டிருக்கிறது. மனிதர் படுக்கிற அறைக்குத்தான் அதெல்லாம், காருக்கு ஏது ஆயுள் என்று கேட்டேன். "கார்ல போறவனுக்கு இருக்குல்லா" என்றார். பத்துக்கு இடமில்லை. எட்டு என்று முடிவாயிற்று.

பால்காய்ப்பு அன்று காருக்கு மாலை போட்டு ஷெட்டுக்குள் விட்டார்கள். ஊரே நின்று பார்த்தது. கதவு ஒரு சாணுக்குச் சற்று மேல் திறந்து, அவர் உடம்புக்கு வழிவிடாமல் சுவரில் முட்டி நின்றது. இன்னொரு பக்கத்துக் கதவும் அப்படித்தான். உள்ளே அவர் சீட்டின் மேல் ஏறிப் பின்பக்கமாகத் தவழ்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. யாரோ ஓடிப்போய் டிக்கியைத் தூக்கினார்கள். பட்டு வேட்டியோடு முதலில் கால்களும் பிறகு அவரும் வெளியே வந்தார்கள். நான் சாப்பிடாமல் கிளம்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அவர் என்னைப் பிடித்து இலையில் உட்காரவைத்து, இரண்டாவது போளியைத் தானே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஆயுசு முக்கியம் சார். டிக்கி வழியா எறங்குனா கொறஞ்சா போயிருவேன்?"

முன்பக்கத்து மூலை

மற்றவர்களுக்கு அளவு சொல்லிச் சொல்லி ஓய்ந்த நேரத்தில் எனக்கும் ஒரு மனை வாங்கினேன். கோவில்பட்டியில், ஊர் முடிந்து புஞ்சைக்காடு தொடங்குகிற இடத்தில் மூன்று சென்ட். சுற்றிலும் கல் ஊன்றிய மனைகள், என் மனையை ஒட்டிக் கல்லுக்கால்களோடு ஒரு கம்பிவேலி. அதைத் தாண்டிப் பார்த்தால் மக்காச்சோளத் தட்டையும் வானமும்தான்.

என் மனைவி செல்வி கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். போய் ஆறு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். முதலில் மாதம் ஒருமுறை வந்தாள். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தாள். பிறகு அங்கேயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு சின்னக் கார் வாங்கினாள். என் வாடகை வீட்டுச் சந்துக்குள் கார் வராது. அது அவள் வராததற்கு ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது. மனை வாங்கியதைச் சொன்னபோது, "வீடு முடியட்டும். இங்க வேலைய விடுறதப் பத்தி யோசிப்போம்" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று சென்ட்டில் முன்பக்கத்து மூலை ஒன்றுதான். அதில் என் ஆபீஸ் வரலாம், அல்லது கார் ஷெட் வரலாம். இரண்டும் வராது. ஆபீஸ் என்றால் பஜாரில் வாடகை மாடிக்கு முழங்கால் வலியோடு ஏற வேண்டியதில்லை. ஷெட் என்றால், வருவாள் என்று நான் நினைக்கிறேன் என்பது ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். இப்போதைக்கு ஆபீஸ், பின்னால் தேவைப்பட்டால் பக்கவாட்டில் ஒரு ஷெட் என்று மாரியப்பன் கொத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். இருபது வருடமாக என் பிளான்களைக் கட்டுகிறவர். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். கீழே சுக்கான் பாறை தட்டுகிறவரை தோண்டித்தான் தூண் எழுப்ப வேண்டும். இதை நானே ஊருக்கெல்லாம் சொல்கிறவன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"பொறவு ஒட்டுனா ஒரே மழையில வெடிப்பு விட்டுரும், அண்ணாச்சி. வேணும்னா இப்பமே தோண்டணும். ஆபீஸா ஷெட்டான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

ஷட்டர்

நாகலாபுரத்தில் ஆடு வளர்க்கிற ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பதினாறில் ஷெட் வரைந்து கொடுத்தேன். அந்த வீட்டில் கார் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் ஷட்டர் போட்ட ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் சொன்னார். கார் எங்கே என்று கேட்டால்? "வேலையா வெளிய போயிருக்குன்னு சொல்லுவோம்" என்றார்.

பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபிறகு, ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன் காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். தகப்பனார் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். அடியில் வரிசையாக மூக்குகள் தெரிந்தன. இன்னும் தூக்கியதும் மொத்த மந்தையும் என்னை இடித்துக்கொண்டு வெளியே போயிற்று. சட்டையெல்லாம் ஆட்டு மொச்சை வாடை. காருக்கு என்று அளந்து கட்டிக்கொடுத்தேனே என்று நான் சொல்லியிருக்க வேண்டாம். அவர் ஒரு குட்டியைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்:

"கார்னா ஒண்ணுதான் நிக்கும். இதுல அம்பத்திரெண்டு நிக்கி."

பாதி ஷெட்

சில வேலைகளில் ஷெட்டைச் சின்னதாக்க வேண்டியும் வரும். கோவில்பட்டியிலேயே, ரிட்டயரான ஒரு தாசில்தார் கூப்பிட்டிருந்தார். இருபதடி நீள ஷெட். கார் இல்லை. அதில் பாதியைத் தடுத்து, வாடகைக்கு விடுகிற மாதிரி ஒரு அறை ஆக்க வேண்டும். மனைவி இறந்தபின் காரை விற்றுவிட்டார். கோயில், கல்யாணம் என்று அந்த அம்மாள்தான் அவரைக் கிளப்புவாராம்.

டேப்பின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். பத்தடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். அங்கேதான் சுவர் என்றதும் போய்ப் பார்த்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார், அந்தப் பக்கம் நின்றார். இன்னும் ரெண்டடி தள்ளலாமா என்றார். தள்ளினேன். இன்னும் ரெண்டடி என்றார். மூன்றாவது தடவை தள்ளியபோது அறைக்கு நாலடிதான் மிச்சம் இருந்தது. நாலடியில் யார் சார் குடியிருப்பார்கள் என்று கேட்டேன். அவர் டேப்பை விடாமலே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வண்டிய வித்து மூணு வருசமாச்சு தம்பி. இப்பவும் எவனாவது வாசல்ல பைக்க நிப்பாட்டுனா, தள்ளிப் போடுப்பா வண்டி எடுக்கணும்னு சொல்லுதேன்."

அன்றைக்கு நான் எதுவும் வரையவில்லை.

பார்ட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி போன் செய்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்குச் செய்வாள். சாப்பாடு, மழை, யார் வீட்டில் கல்யாணம் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வைக்கப்போகிற நேரத்தில், உன் கார் எத்தனை அடி என்று கேட்டுவிட்டேன். எதற்கு என்றாள். இருபது வருடத் தொழில் பழக்கம், வாயில் அதுவாக வந்தது: "ஒரு பார்ட்டி அதே மாதிரி கார் வச்சிருக்காரு. ஷெட்டுக்கு அளவு கேக்காரு."

இருங்க என்றாள். அவள் இருப்பது மூன்றாவது மாடி. செருப்புச் சத்தம் படிகளில் இறங்குவது போனில் கேட்டது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். டேப் ஐந்தடிதான் என்பதால் ஒவ்வொரு முறையும் விரலை வைத்து நகர்த்தி அளக்க வேண்டியிருந்தது. ஐந்து, பத்து என்று தனக்குள் எண்ணுவது கேட்டது. யாரோ என்னக்கா அளக்கிறீங்க என்று கேட்டார்கள். சும்மாதான் என்றாள். நீளம் பன்னிரண்டு அடி எட்டு அங்குலம். அகலம், பக்கக் கண்ணாடிகளோடு ஆறேகால். கண்ணாடியை மடக்கினால் அரை அடி குறையுமே என்றேன். ஆறு வருடத்தில் ஒரே விஷயத்தைப் பற்றி நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை. வைப்பதற்கு முன் சொன்னாள்:

"அந்தப் பார்ட்டிகிட்ட, கண்ணாடிய விரிச்சே வச்சு அளந்ததாச் சொல்லுங்க. தெனமும் மடக்கி மடக்கி நிறுத்துறது யாரால முடியும்?"

கயிறு

வெள்ளிக்கிழமை மாரியப்பன் முளைகளும் நூல்கயிறும் ஒரு பக்கெட் சுண்ணாம்பும் கொண்டு வந்தார். மறுநாள் ஜேசிபி வருகிறது. வடகிழக்கில் செங்கல்லை வைத்துக் கற்பூரம் காட்டினோம். பக்கத்தில் ஆள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சோளத் தட்டை காற்றில் உரசிக்கொண்டிருந்தது. மற்ற அறைகளுக்கெல்லாம் கயிறு கட்டி முடித்துவிட்டு, முன்பக்கத்து மூலைக்கு வந்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"என்ன முடிவு பண்ணுனிய?"

"பத்துக்குப் பதினாறு."

"அப்ப ஆபீஸு?"

"பஜார்லயே இருக்கட்டும்."

"முழங்காலு?"

"அதுவும் பஜார்லயே இருக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. முளையை அறைந்து கயிற்றை இழுத்துக் கட்டினார். நான் மூலைமட்டம் பார்த்தேன். சரியாக இருந்தது. அவர் சுண்ணாம்பை அள்ளி, கயிற்றை ஒட்டிக் குனிந்தபடியே தூவிக்கொண்டு போனார். கறுப்பு மண்ணில் வெள்ளைக் கோடு பதினாறடி ஓடித் திரும்பி, பத்தடி ஓடி நின்றது. எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மதினி வாராகளா?"

"கேக்கல" என்றேன்.

அவர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபடி, திரும்பாமல் சொன்னார்:

"அளவெல்லாம் கேட்டு வாங்குதிய. அதக் கேக்கதுக்கு என்னவாம்?"

டீக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவர் ரோட்டுப் பக்கம் போன பிறகு, விடிந்தால் ஜேசிபி வந்து ஆறடி ஆழத்துக்கு அள்ளிப்போடப் போகிற மண்தான் என்று தெரிந்தும், கோட்டுக்குள் கிடந்த உடைமர முட்களை, கார் டயரில் ஏறிவிடாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டேன்.