பலகைக்கு அடியில் ஒரு சத்தம்

என் மனைவியின் தம்பியும் நானும் வீடுகளுக்கு வெளியே டெக், அதாவது பலகைத் தளம், போடும் வேலை செய்கிறோம். அன்றைக்குக் கிள்ளானில் ஓர் அக்கா வீடு. பின்புறம் முழுக்க, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த காம்போசிட் பலகை.

“ஸ்க்ரூ தலை ஒண்ணுகூட மேல தெரியக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் வியாதி, கால்ல காயம் பட்டா ஆறாது, வெறுங்கால்ல நடப்பாரு,” என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதனால் மறைவான கிளிப். பலகையின் ஓரப் பள்ளத்தில் கிளிப்பைச் செருகி, அடிச்சட்டத்தில் முடுக்கி, அடுத்த பலகையை அதில் தள்ளிக் கோக்க வேண்டும். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நடுவில் இருப்பதை மட்டும் எடுக்க முடியாது. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வரவேண்டும்.

சாயங்காலம் கடைசிப் பலகையை முடுக்கிவிட்டு டிரில்லை அணைத்தேன். காலுக்குக் கீழே மெல்லிய அழுகை.

“மச்சான், பூனைக்குட்டி லா!” என்றான் தம்பி.

அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். “மத்தியானத்துலேருந்து ஒரு குட்டியைக் காணோம்னு தேடிக்கிட்டே இருக்கேனே!”

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக் கூரைத் தண்ணீர் மொத்தமும் டெக்குக்கு அடியில் ஓடித்தான் லோங்காங் வடிகாலில் விழும்.

தம்பி ரம்பத்தை எடுத்தான். “அறுத்துடலாம் மச்சான், உடனே முடிஞ்சிடும்.”

“பிளேடுக்கு நேர் கீழ குட்டி இருந்தா?”

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டான். ஓரத்திலிருந்து கழற்றத் தொடங்கினோம். கை வியர்த்து, ஸ்க்ரூவில் டிரில் முனை வழுக்கிக்கொண்டே இருந்தது. அக்காவின் கணவர் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்தார். “இங்கதான்... இல்ல, சுவத்துப் பக்கம் போகுது.”

மழை பிடித்துக்கொண்டது. அடியில் தண்ணீர் சலசலத்தது. அழுகை நின்றுவிட்டது.

நான் எந்தப் பலகையைத் தூக்கினாலும் அடியில் என்ன கிடக்குமோ என்று பயந்துகொண்டே தூக்கினேன். ஒரு கட்டத்தில் கிளிப்பைக் கழற்றப் பொறுமையில்லாமல் கம்பியால் நெம்ப, பலகை ஓரம் பிளந்தது. அதைப் பற்றி அப்போது யாருக்கும் கவலையில்லை.

பாதிக்கு மேல் கழற்றியாகிவிட்டது. தம்பி குனிந்து டார்ச் அடித்தான். “கண்ணு தெரியுது மச்சான்!”

சட்டத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லின் மேல் ஒண்டிக்கொண்டிருந்தது குட்டி. கல்லைச் சுற்றித் தண்ணீர். கையை நீட்டியதும் என் விரலை நறுக்கென்று கடித்தது. கடிக்கிற அளவுக்கு உயிர் இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அக்கா அதைத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனார். “நாளைக்கு வந்து போட்டுக்கலாம், மொதல்ல தேத்தண்ணி குடிங்க,” என்றார் அவர் கணவர். கோப்பையை வாங்கிக்கொண்டேன். பிளந்த பலகையை மட்டும் நாளைக்கு மாற்றுவதற்காகத் தனியாக எடுத்து வைத்தேன்.